நிலவியல் வகுப்பில் முப்பத்தொரு பேர்

முப்பத்தொன்று என்று திரையில் பார்த்ததும் கணினி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். முப்பத்தொன்று. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் முப்பத்தொன்று. ஒன்பது வருடமாக இந்தப் பல்கலைக்கழகத்தில் கல்லையும் மண்ணையும் பாடம் நடத்துகிறேன். ஏழு பேருக்கு மேல் என் வகுப்பு கண்டதில்லை. அந்த ஏழிலும் இரண்டு பேர் வேறெங்கும் இடம் கிடைக்காமல் வந்து விழுந்தவர்கள். ஒருவன் ஜன்னல் பக்கம் காற்று நன்றாக வரும் என்று வந்தவன். அதை அவனே என்னிடம் சொன்னான்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே என்பீர்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. நல்லது ஏதாவது நடந்தால் உடனே இதில் என்ன வில்லங்கம் என்று தேட ஆரம்பித்துவிடுவேன். எழுந்து ஜன்னல் வரை நடந்தேன், திரும்பி அலமாரி வரை நடந்தேன். என் அறை முழுக்கக் கல். மேஜையில், தரையில், நாற்காலியில், காகிதப் பெட்டிகளில். நடப்பதற்கு மிஞ்சியிருப்பது எட்டடி. அந்த எட்டடியையும் நான்தான் தேய்த்திருப்பேன்.

விஷயம் இதுதான். இந்த வருடம் நான்கு துறைகளை ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். புவி அறிவியல், நீடித்த வளர்ச்சி, ஆற்றல், இலக்கியம். முதல் மூன்றும் சரி, இலக்கியம் எப்படி உள்ளே வந்தது என்றால், அவர்கள் கட்டடத்தில் கூரை ஒழுகியது, எங்கள் மூன்றாம் மாடி காலியாக இருந்தது, அவ்வளவுதான். சேர்த்த கையோடு ஒரு விதியும் போட்டார்கள். பாடங்கள் தொடங்கும் வாரத்து வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒரு பாடத்தில் இருபது பேர் இல்லையென்றால் பாடம் மூடப்படும். அதை நடத்துபவர் தற்காலிக ஆசிரியராக இருந்தால் அவரும் வீட்டுக்குப் போகலாம். நான் தற்காலிகம். ஒன்பது வருடத் தற்காலிகம். வருடா வருடம் ஒரு கடிதம் வரும், நானும் வாங்கி மடித்து வைப்பேன்.

ஆற்றல் துறைப் பாடங்கள் அரை மணி நேரத்தில் நிரம்பின. அந்தத் துறைப் பேராசிரியரை நாங்கள் எல்லோரும் கரண்ட் என்றுதான் சொல்வோம். போன மாதமே அவர் டேப்பைக் கொண்டுவந்து என் அறையின் நீள அகலத்தை அளந்துகொண்டு போனார். பேட்டரி வைக்க இடம் வேண்டுமாம். "சும்மா ஒரு அளவுக்குத்தான் மேடம்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும், அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அதனால்தான் பாடத்தின் பெயரை மாற்றினேன். பழைய பெயர் 'பாறையும் மண்ணும்'. அந்தப் பெயரைப் படித்து எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை வரும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சமையலறையில் உட்கார்ந்து 'நிலவியல் வாசிப்பு' என்று வைத்தேன். பாடக் கையேட்டில் போடப் பதினைந்து வார்த்தைக்குள் ஒரு விளக்கம் கேட்டிருந்தார்கள். அதையும் எழுதினேன். "பார்த்துக்கொண்டே இருக்கிறோம், படித்ததில்லை. பழைய முகம், ஆயிரம் தழும்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. வாசிக்கப் பழகுவோம், வாருங்கள்."

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கையைத் துடைத்துக்கொண்டு வந்து படித்தார். "நல்லா இருக்கே. யாரைப் பத்தி?" என்றார்.

"யாரைப் பத்தியா? பத்து வருஷமா உங்ககூடக் குடும்பம் நடத்துறேன், நான் என்ன பாடம் எடுக்கிறேன்னு தெரியாதா உங்களுக்கு?" என்று பிடித்துக்கொண்டேன். பாவம், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அன்றைக்கே அவர் கேட்டதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொண்டிருக்கலாம்.

திங்கட்கிழமை முதல் வகுப்பு. உள்ளே நுழைந்தால் நாற்காலி போதவில்லை, பக்கத்து அறையிலிருந்து தூக்கி வருகிறார்கள். எல்லோர் கையிலும் புது நோட்டு. கடைசி வரிசையில் வாசல் காவலாளி, நாங்கள் கேட் அக்கா என்று கூப்பிடுகிறவர், சீருடையோடு உட்கார்ந்திருந்தார். நான் பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு எரிமலைக் கல்லை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, "ஏதாவது கேக்கணுமா?" என்றேன். ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"மேடம், பௌர்ணமி அன்னிக்கு வகுப்பு மொட்டை மாடியிலதானே?"

"பௌர்ணமிக்கும் நமக்கும் என்னப்பா?"

"பின்ன அமாவாசையில போய் என்னத்தைப் பார்க்கிறது?"

வகுப்பே சிரித்தது. நானும் எதுவோ புரிந்த மாதிரிச் சிரித்துவைத்தேன். முன் வரிசைப் பெண் எழுந்தாள். "நான் பதினாலு கவிதை எழுதியிருக்கேன் மேடம். எல்லாமே நிலாதான். நீங்க எழுதின அந்தத் தழும்பு வரி இருக்கே, அதைப் படிச்சுட்டுத்தான் சேர்ந்தேன்."

அப்போதுதான் என் மண்டைக்குள் அந்த வார்த்தை இரண்டாகப் பிளந்தது. நிலம், இயல், நிலவியல். நிலவு, இயல், நிலவியல். ஐயோ கடவுளே. பழைய முகமாம், ஆயிரம் தழும்பாம், பார்த்துக்கொண்டே இருக்கிறோமாம். என் வாயாலேயே, என் கையாலேயே! கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தக் கல்லைத் தூக்கி முன் வரிசையில் கொடுத்து, "எல்லாரும் தொட்டுப் பாருங்க" என்றேன்.

"இது நிலாக் கல்லா மேடம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அங்கயும் இதே ஜாதிக் கல்தான்" என்றேன். அது பொய் இல்லை. நிலவில் தெரியும் கறுப்புத் திட்டுகள் எல்லாம் இதே வகைக் கல்தான். ஆனால் நான் அதை உண்மை என்று சொல்லவில்லை, தப்பிக்கச் சொன்னேன். முப்பத்தொரு பேரும் அதைக் கைக்குழந்தையை வாங்குவது போல வாங்கி வாங்கிக் கொடுத்தார்கள். என் வகுப்பில் ஒரு கல்லுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்து நான் பார்த்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் முதல் ஆளாகப் பதிவுப் பிரிவுக்கு ஓடினேன். அங்கே இருக்கிற அம்மா பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் மூத்தவர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். நான் கேட்பதற்கு முன்பே கையேட்டைத் திறந்து என் பக்கம் நீட்டினார். பாதிப் பக்கத்துக்கு முழு நிலா. அதன் கீழே என் பதின்மூன்று வார்த்தை. நான் எழுதியதுதானே, எனக்குத் தெரியாதா என்று கையேட்டை அதுவரை நான் திறக்கவேயில்லை.

"படம் நான் தேடிப் போட்டது. எவ்வளவு நேரம் தேடினேன் தெரியுமா? நீங்க எழுதியிருந்ததைப் படிச்சதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. கல்லு மேடத்துக்குள்ள இப்படி ஒரு ஆளான்னு. உடனே தூக்கி இலக்கியப் பட்டியல்ல போட்டுட்டேன்" என்றார்.

"அம்மா, அது நிலா இல்லம்மா. கல்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "கல்லா?"

"கல்."

"போச்சுடா." கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். எனக்குக் காது சிவந்தது.

"இலக்கியப் பட்டியல்ல இருக்கிறதால பிள்ளைங்களுக்கு ஏதாவது கெடுதல் வருமா?" என்று கேட்டேன்.

"மத்தவங்களுக்கு ஒண்ணும் இல்ல. எந்தப் பட்டியல்ல இருந்தா என்ன, மதிப்பெண் சேர்ந்துடும். பட்டத்துக்கு இலக்கியப் பாடம் ஒண்ணு கட்டாயம் வேணும்னு இருக்கிறவங்களுக்குத்தான் ஆகாது. வருஷக் கடைசியில பாடத்திட்டத்தை எடுத்துச் சரிபார்ப்பாங்க. உள்ள பூரா கல்லா இருந்தா செல்லாதுன்னு அடிச்சுடுவாங்க." விரலை வைத்துப் பெயர்களின் மேல் இறங்கிக்கொண்டே வந்தார். "முப்பத்தொண்ணுல ஒரே ஒருத்தர்தான் அப்படி. நம்ம கேட் அக்கா."

அவர் விரல் நின்ற இடத்தையே பார்த்தேன். "மாத்திக்கலாமில்ல?"

"வெள்ளி நாலு மணி வரைக்கும் மாத்திக்கலாம். விலகல் படிவத்துல நீங்க கையெழுத்துப் போடணும், இங்க கொண்டுவந்து கொடுக்கணும். நாலு மணி தாண்டிட்டா ஆண்டவனே வந்தாலும் முடியாது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ஆனா இங்க பாருங்க, சொன்னா அத்தனை பேரும் எழுந்து போயிடுவாங்க. ஒன்பது வருஷம் நாய் படாத பாடு பட்டிருக்கீங்க. வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் வாயைத் தொறக்காதீங்க. அக்கா விஷயத்தை வருஷக் கடைசியில ஏதாவது பண்ணிக்கலாம்."

அந்த 'ஏதாவது' என்ற வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அன்றைக்கு முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழவேண்டும் போல இருந்தது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. ஒரே கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எதற்குப் பற்றவைத்தேன் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

புதன்கிழமை காலை, நைட் டூட்டி முடிகிற நேரத்தில், வாசலில் கேட் அக்கா என்னை மடக்கினார். என் அடையாள அட்டையை வாங்கிப் பார்க்கிற சாக்கில், "மேடம், ஒண்ணு காட்டட்டுமா?" என்று ஒரு நோட்டை எடுத்தார். அட்டை போட்டு, பெயர் எழுதி, உள்ளே திங்கட்கிழமை நான் உளறியது அத்தனையும் முத்து முத்தாக எழுதப்பட்டிருந்தது.

"பன்னெண்டு வருஷம் மேடம். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு முடிச்சுட்டு வந்தேன். இலக்கியம் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. லைப்ரரியில உதவியாளர் இடம் காலியாகுது, பட்டம் இருந்தாத்தான் எடுப்பாங்க. இந்த வருஷம் முடிச்சா உள்ள போய் உட்காருவேன். இல்லேன்னா ரிட்டையர் ஆகிற வரைக்கும் இந்த வாசல்லதான்."

"வேற இலக்கியப் பாடம் எதுவும் பார்க்கலையா அக்கா?" என்று கேட்டேன். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். வந்தது கேள்விதான்.

"மூணாம் மாடி சந்தி சாரோட கதை வாசிப்பு இருந்துச்சு. அதுக்குத்தான் முதல்ல எழுதிக் கொடுத்தேன். உங்களோடது பார்த்ததும் மாத்திட்டேன். நைட் டூட்டியில பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்க, அது மட்டும்தான் மேல இருக்கும். அதைப் பத்திப் படிக்கிறதுக்கே ஒரு பாடம் இருக்குன்னா விடுவேனா?"

நான் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மாடிப்படியில் ஏறும்போது என்னையே நான் கன்னாபின்னாவென்று திட்டிக்கொண்டேன். அப்படித் திட்டியதால் என்ன ஆகிவிட்டது? வகுப்பில் போய் ஒரு மணி நேரம் கடல் ஏறி இறங்குவதைப் பற்றிப் பேசினேன். நிலவு இழுக்கிறது, தண்ணீர் ஏறுகிறது, கரை கரைகிறது. நிலவுக்கும் ஆச்சு, நிலத்துக்கும் ஆச்சு. இப்படி ஒரு கெட்டிக்காரத்தனம் எனக்குள் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். கடைசி வரிசையில் கேட் அக்கா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மூன்றாம் மாடிக்குப் போனேன். இலக்கியத் துறையில் இலக்கணமும் கதையும் நடத்துகிறவரைப் பிள்ளைகள் சந்தி சார் என்பார்கள். இரண்டு சொல் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், மனிதர் சாப்பாட்டை மறந்துவிடுவார். நான் நடந்ததைச் சொன்னதும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"பிரமாதம் மேடம்! நிலம் கூட இயல் சேர்ந்தாலும் அதுதான், நிலவு கூட இயல் சேர்ந்தாலும் அதுதான். ரெண்டும் சரி. இதைப் பரீட்சையில வெச்சா பாதிப் பேர் மாட்டுவான்."

"பரீட்சையை விடுங்க சார். நான் மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்."

"உங்க மேலயும் தப்பு இல்ல, அந்தப் பிள்ளைங்க மேலயும் தப்பு இல்ல. தப்பு அந்தச் சொல்லு மேல."

"சொல்லையா வீட்டுக்கு அனுப்பப் போறாங்க?" என்று கத்திவிட்டேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். பிறகு கொஞ்சம் இறங்கி, "உங்க கதை வாசிப்புல இடம் இருக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. அதுவும் நாளைக்குள்ள போயிடும். யாருக்கு?"

"யாருக்கும் இல்ல" என்றேன்.

அன்று மாலை வீட்டில் எல்லாவற்றையும் கொட்டினேன். வீட்டுக்காரர் ஒரு பழைய லிஃப்ட் பொத்தானைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே பேசினேன். சொன்னால் வேலை போய்விடும், சொல்லாவிட்டால் அந்த அக்கா பட்டம் போய்விடும், முப்பது பேரை ஏமாற்றின பாவம் வேறு, ஆனால் அது நான் வேண்டுமென்று செய்ததா, இல்லையே, படத்தைப் போட்டது நானா, பட்டியலை மாற்றினது நானா?

"முதல்ல உட்காரு" என்றார்.

"உட்கார முடியல."

"நாளைக்கு வகுப்புல சொல்லப் போற. அது உன் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு. அப்புறம் எதுக்கு என்கிட்டக் கேக்குற? சண்டை போட ஆள் வேணுமா?"

"ஆமா, வேணும்!"

"அப்போ சாப்பிட்டுட்டுப் போடு. வெறும் வயித்துல என்ன சண்டை?"

சாப்பிட்டேன். சண்டை போடவில்லை. எனக்கு அவர் மேல் அப்போது வந்த பிரியத்தைச் சொல்லி மாளாது, ஆனாலும் பொத்தானை மேஜையில் கழற்றி வைத்ததற்காக இரண்டு வார்த்தை சொன்னேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணி. வகுப்புக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வணக்கம்கூடச் சொல்லாமல் நேராக ஆரம்பித்தேன். இழுத்தால் மறுபடி கடலுக்குப் போய்விடுவேன் என்று எனக்கே பயம்.

"எல்லாரும் கேளுங்க. இது நிலா இல்ல. நிலம். நான் நடத்தப்போறது கல், மண், மலை, பள்ளம். பேரைப் பார்த்து நீங்க ஏமாந்துட்டீங்க. திங்கட்கிழமையே எனக்குத் தெரியும். சொல்லாம இருந்தது என் தப்பு. போகணும்னா நாலு மணிக்குள்ள போகலாம். படிவம் இங்க இருக்கு."

வகுப்பு சந்தைக்கடை ஆனது. "அப்போ மொட்டை மாடி?" என்றான் பௌர்ணமிப் பையன். "மொட்டை மாடி இல்ல. குவாரி" என்றேன். முன் வரிசைப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்போ என் பதினாலு கவிதை?"

"நல்லா இருந்தா பத்திரமா வெச்சுக்கோ. கல்லைப் பத்தி ஒண்ணு எழுது, நான் படிக்கிறேன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு படிவத்தை வாங்க வந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு கையெழுத்துக்கும் மனதுக்குள் எண்ணிக்கை இறங்கியது. முப்பது. இருபத்தொன்பது. இருபத்தெட்டு. பதினோராவது படிவத்துக்குப் பிறகு பார்த்தால் எதிரில் யாரும் இல்லை. மற்றவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க போகலையா?"

"இந்த நேரம் எனக்கு பஸ்ஸுக்குச் சரியா வருது மேடம்" என்றான் ஒருவன். "கல்லும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் ஒருத்தி. பௌர்ணமிப் பையன், "நீங்க திட்டுறது எனக்குப் பிடிச்சிருக்கு" என்றான். போடா என்றேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

கடைசி வரிசையில் கேட் அக்கா இடம் காலியாக இருந்தது. எங்கே என்று கேட்டேன். பகல் ஷிஃப்ட்காரருக்குப் பல்வலியாம், அவருக்குப் பதில் அக்காவை வாசலில் நிறுத்திவிட்டார்களாம்.

வகுப்பு முடிந்து என் அறைக்கு வந்து சேர்ந்தபோது மூன்று மணி இருபத்தைந்து. தொலைபேசி அடித்தது. பதிவுப் பிரிவு அம்மா. "இருபது! பதினொண்ணு போக மிச்சம் சரியா இருபது! பொழைச்சீங்க. இன்னும் அரை மணி நேரம், ஆடாம அசையாம அப்படியே உட்காருங்க, நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே இருக்கேன்" என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு வைத்தார்.

இருபதாவது ஆள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

எட்டடி போனேன், எட்டடி வந்தேன். மனசு அந்த நேரத்தில் எத்தனை வக்கீலைப் பிடித்து வந்தது தெரியுமா? வகுப்பில் சொல்லியாகிவிட்டது, அவர் வரவில்லை என்றால் நான் என்ன செய்ய? பட்டியலை மாற்றினது பதிவுப் பிரிவு. வருஷக் கடைசியில் மனு போடலாம். நானே கூட நிற்கலாம். அடுத்த வருடம் அவர் வேறு பாடம் எடுத்துக்கொள்ளட்டும், ஒரு வருடம்தானே. கேட்கக் கேட்க எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது. ஒரு வருடம் என்று நான் சுலபமாகச் சொல்லிக்கொண்டேன், ஒவ்வொரு வருடமும் எனக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாதா? அந்தக் கடிதம் வருகிற வாரத்தில் நான் சோறு இறங்காமல் திரிந்திருக்கிறேன். சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

ஒரு படிவத்தை உருவிக்கொண்டு கீழே ஓடினேன். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. வாசலைச் சேரும்போது மூன்று நாற்பது, எனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"அக்கா, அது நிலா இல்ல, நிலம். கல் பாடம். இலக்கியத்துல சேராது. வருஷக் கடைசியில அடிச்சுடுவாங்க. சந்தி சார்கிட்ட ஒரு இடம் காலியா இருந்துச்சு, இன்னும் இருக்கான்னு தெரியல. நாலு மணிக்குள்ள போய் மாத்திடுங்க." படிவத்தை வாசல் சுவரிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் படிவத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "எப்போ தெரியும் மேடம் உங்களுக்கு?"

"உங்க பட்டம் விஷயம் செவ்வாய்க்கிழமை."

"புதன்கிழமை இங்கதானே நின்னு பேசினீங்க. என் நோட்டை வாங்கிப் பார்த்தீங்களே."

"ஆமா."

அவர் கையிலிருந்த நோட்டை மூடினார். வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது. யாராவது நாலு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். பிறகு அவர் சாலையைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். "நான் எப்படிப் போவேன்? கேட்டை விட்டுட்டு நகர்ந்தேன்னு தெரிஞ்சா இருக்கிற வேலையும் போயிடும்."

"நான் நிக்கிறேன்."

"நீங்களா?"

"வாயைப் பார்த்துட்டு நிக்காதீங்கக்கா, ஓடுங்க!"

தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார், விசிலை என் கையில் திணித்தார், நோட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு ஓடினார். அந்தக் கனத்த பூட்ஸோடு அவர் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை.

நான் கேட்டில் நின்றேன். வந்த பிள்ளைகள் என்னைப் பார்த்துத் திகைத்து, தாங்களாகவே அட்டையை எடுத்து நீட்டினார்கள். மூன்று ஐம்பதுக்கு ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. உள்ளே கரண்ட். கண்ணாடியை இறக்கி, "என்ன மேடம், அதுக்குள்ள வேற வேலை தேடிக்கிட்டீங்களா?" என்றார்.

"கார்டு காட்டுங்க."

"என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"நல்லாத் தெரியும். அதான் கேக்குறேன்."

சட்டைப் பையில் தேடினார், கார் முழுக்கத் தேடினார், பின்னால் மூன்று வண்டி நின்றது. கடைசியில் காலடியிலிருந்து எடுத்து நீட்டினார். இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு விசில் ஊதினேன். அந்த வாரத்திலேயே நான் அனுபவித்துச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

நிர்வாகக் கட்டடத்தின் கடிகாரம் நான்கு அடித்தது. என் கைப்பையில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. பதிவுப் பிரிவு அம்மாவாகத்தான் இருக்கும். எடுக்கவில்லை.

நான்கு ஐந்துக்கு அக்கா திரும்பி வந்தார். முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு. "கிடைச்சுடுச்சு மேடம்! கடைசி இடம். ரெண்டு நிமிஷம் இருக்கும்போது போட்டாங்க. அந்த அம்மா என்னைப் பார்த்து, ஏம்மா ஏம்மான்னு தலையில தலையில அடிச்சுக்கிட்டாங்க, எதுக்குன்னே தெரியல."

தொப்பியைக் கழற்றிக் கொடுத்தேன். அதைத் தலையில் வைக்கப் போனவர் அப்படியே நின்றார். அவருக்கு எதிரில் அறிவிப்புப் பலகை. அதில் இருபது பேர் விதியை அவரேதான் போன வாரம் ஒட்டியிருக்கிறார். நான்கு மூலையிலும் ஊசி குத்தி, ஒழுங்காக.

"உங்க வகுப்புல இப்போ எத்தனை பேர் மேடம்?"

"பத்தொம்பது."

அவர் உதடு அசைந்தது. அறிவிப்பை இன்னொரு தடவை படித்தார். "இதை ஏன் மேடம் முன்னாடியே என்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா? படிவத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பீங்களா?"

சட்டென்று பதில் சொல்கிறவர் இல்லை அவர். ஒரு பஸ் வந்து நின்று போகும்வரை யோசித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"இல்ல மேடம்" என்றார். "அழுதுக்கிட்டே வாங்கியிருப்பேன். ஆனா வாங்கியிருப்பேன்."

"பின்ன? வாங்கித்தான் ஆகணும்" என்றேன். விசிலை அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் நோட்டை எடுத்துவிட்டு, ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து, சத்தம் போட்டு அழுதேன். உள்ளே போகிறவர்கள், வெளியே வருகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். அக்கா எனக்கு முன்னால் மறைத்துக்கொண்டு நின்று, ஒவ்வொருவரிடமும் அட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.